கூட்டுப்புழு தரும் மருந்து

பட்டுக்கூட்டைக் கொதிநீரிலிட்டு நூலெடுத்த பின் எஞ்சும் கூட்டுப்புழுவை எவரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக அது போய்ச் சேருகிறது. கைலி நெய்யும் குறிஞ்சிப்பாடி அன்பர்களுக்குப் பருத்தி நூலே பழக்கம். அவர்களிற் பலர் அப்புழுவைக் கண்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் அதைப் பற்றி நம் அங்கத்தினர் யாவரும் அறிய வேண்டிய செய்தியொன்று உண்டு.

சுவீடன் தேசத்து விஞ்ஞானி ஹான்ஸ் போமனும் அவருடைய சகாக்களும் செக்ரோப்பியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவினுள் நோய்க்கிருமிகளை ஒத்த நுண்ணுயிர்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். கிருமியின் மேலுறையைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதங்கள் புழுவின் குருதியில் தோன்றின. 1981இல் அவற்றைச் 'செக்ரோப்பின்' என்று பெயரிட்டு வெளியிட்டனர். நாட்டில் வளர்க்கப்படும் மல்பெரிப் பட்டுப்புழுவிலும் இவ்வகைப் புரதங்கள் உள்ளன. தேனீ தேனில் சேர்க்கும் புரதமொன்றும் இத்தொழிலையே செய்கிறது.

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு இவை மாற்றாகும் என்று இன்று பேசப்படுகிறது. ஆனால் வயிற்றுக்குள் சென்றால் இவை எளிதில் செரித்துப் போகின்றன. செய்யும் செலவும் அதிகம். ஆகவே மருந்துக்கடையில் போய்க் கேட்க வேண்டாம்.

நம் கவலை வேறு. கோலிஸ்டின் என்ற மருந்தும் கிருமியின் மேலுறையைத் தாக்குவதே. பிற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவர் கடைசியாக எடுக்கும் ஆயுதம் அது. அதனையே கோழியும் பன்றியும் விரைவில் கொழுக்க வேண்டித் தீவனத்தில் கலந்தார்கள்! அம்மருந்துக்கு அடங்காத தன்மையைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணு 2015இல் சீனத்தில் கண்டறியப்பட்டது. 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. பூச்சி தந்த மருந்தையும் நாளை மூட்டை மூட்டையாகத் தீவனத்தில் கொட்டினால் அதுவும் இதே கதியை அடையும். நம் உடலும் இவற்றை ஒத்த புரதங்களைக் கொண்டே கிருமிகளை எதிர்ப்பதால், பழகிவிட்ட கிருமி அந்த இயற்கைக் காவலையும் மீறக்கூடும் என்று எச்சரிக்கும் அறிஞர்களும் உளர்.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் குட்டைக்காரர்களுக்கு இது புதிதன்று. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் ஆகியவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. அவற்றின் எச்சம் கண்டு இந்திய இறாலை ஐரோப்பிய நாடுகள் திருப்பி அனுப்பியதுண்டு. நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. தறியில் கிழிந்த விரல் சீழ் பிடித்தாலும், பிரசவத்திற்குப் பின் தாய்க்குக் காய்ச்சல் கண்டாலும், வேண்டுவது கெடாத மருந்தே.

கால்நடை மருத்துவரின் சீட்டின்றி எந்தச் சங்கக் கடையும் ஆன்டிபயாடிக் விற்கலாகாது என்பது நம் கருத்து. மருந்து கொடுத்த மாட்டின் பாலை, மருத்துவர் குறித்த நாள் வரை சங்கத்திற்கு ஊற்றாமல் நிறுத்துவதும் அங்கத்தினர் கடமை. சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு வேளாண் புலமும், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் நிலையமும் உள்ளன. அங்குள்ள அறிஞரை அழைத்து, குட்டையிலும் கொட்டிலிலும் மருந்தைக் குறைக்கும் வழிகளைக் கேட்டறிய அடுத்த மகாசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம்.