ஏற்காட்டில் பார்க்க வேண்டியவை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா ஒண்டிக்கடை ரவுண்டானா. பேருதான் ஒண்டி, கடைக்கெல்லாம் குறைச்சல் இல்ல. அங்க யாரைக் கேட்டாலும் ஒரே பட்டியலை ஒப்பிப்பாங்க: ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில்.

"சனங்க சாகிறப்ப நமக்கெதுக்குத் தோழர் டூரு?" என்று மாணவத் தோழர் ஒருவர் கேட்டார். நான் சொல்கிறேன், அவசியம் போங்கள். 1927 மார்ச் 20இல் மகாடில் அம்பேத்கர் சௌதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. பொது என்றால் நமக்கும் பொது என்று நிலைநாட்டத்தான். ஏரியில் படகு விடுவதும், பூங்காவில் காலை நீட்டி உட்காருவதும், சும்மா வேடிக்கை பார்ப்பதும் அந்தப் பொதுவில் சேர்த்திதான். ஓய்வு என்ன பண்ணையார் வீட்டுச் சொத்தா? எங்கப்பா ஒரு நாள்கூட ஓர் இடத்தைப் பார்ப்பதற்கென்று போனதில்லை. போன இடமெல்லாம் கூலிக்குத்தான்.

போவதில் தப்பில்லை. எந்தக் கண்ணோடு போகிறோம் என்பதுதான் கேள்வி.

போன முறை, விறகுக்கட்டோடு எதிரே வந்த ஒரு கிழவியைப் பார்த்து "கொஞ்சம் நில்லும்மா" என்று செல்போனை நீட்டினேன். "எதுக்கு சாமி?" என்றாள். வரப்பில் நின்று எங்கம்மா பண்ணையாரைக் கூப்பிட்ட அதே சொல். என்னிடம் பதில் இல்லை. படம் எடுக்காமல் திரும்பினேன். நாற்று நட்ட எங்கம்மாவையும் வந்தவன் போனவனெல்லாம் இப்படித்தானே பார்த்தான், வயலோடு சேர்த்து ஒரு காட்சியாக? பாங்க் கிளார்க், கவிதை எழுதுகிறவன், நாலு கூட்டத்தில் பேசுகிறவன். மலை ஏறினதும் எனக்குள்ளும் ஒரு பண்ணையார் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ஆகவே அந்தப் பட்டியலை மாற்றிப் படிப்போம்.

முதலில் காப்பித் தோட்டம். 1820களில் காப்பியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்னை 'ஏற்காட்டின் தந்தை' என்கிறார்கள். குழி வெட்டினவன் என்ன உறவு? கோடை விழாவுக்குப் போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். டிசம்பரில் போங்கள், பழம் பறிக்கிற காலம். சில்வர் ஓக் நிழலில் பறிக்கிற பெண்களின் விரல்களைப் பாருங்கள். 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, வைத்தியம், பிள்ளைக் காப்பகம் என்றெல்லாம் எழுதி வைத்தது. எது வந்துச்சு, எது வரலைன்னு அவங்களையே கேளுங்க.

அடுத்து சேர்வராயன் கோயில். குகைக்குள் இருக்கிற இந்தச் சாமி மலையாளிப் பழங்குடிகளின் சாமி. கேரளாவா என்று கேட்டுவிடாதீர்கள். தமிழ் பேசுகிற மலை மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்கள் மலையைத் தோண்டித்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் போனது.

சேலம் மாவட்டத்தில் இவர்கள் எஸ்.டி. ஆனால் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சில மாவட்டங்களை மட்டும் எழுதியதால், ஈரோடு மலைகளில் இருக்கிற இதே மக்கள் எஸ்.டி. கேட்டுப் பல பத்தாண்டுகள் அலைந்தார்கள். நமக்குச் சான்றிதழ் தாசில்தாரிடம், பழங்குடிக்குக் கோட்டாட்சியரிடம். ஒரு படி கூடுதல், ஒரு பஸ் கூடுதல், ஒரு நாள் கூலி நட்டம். 234 சட்டமன்றத் தொகுதிகளில் எஸ்.டி. தொகுதி இரண்டே இரண்டு. அதில் ஒன்று ஏற்காடு. நம் மேடைகளில் 'தலித், பழங்குடி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்த இரண்டாவது சொல்லின் வீட்டுக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

கடைசியாக லேடீஸ் சீட். பொழுது சாய்ந்ததும் கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். அழகுதான், மறுக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் எது ஊர், எது சேரி என்று பிரித்துச் சொல்ல முடியாது. மேலே நின்று பார்க்கிறவனுக்கு எப்போதுமே அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

நமக்குத் தெரியும், எது சேரி என்று. அந்தக் கண்ணை அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டு மலை ஏறாதீர்கள். போட்டோ எடுக்கும் முன்னால் பேர் கேளுங்கள். முதலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள்.