வெயிலுக்கும் ஒரு வரம்பு வேண்டும்



கட்டுமானத் தொழிலாளர் நலன் என்றாலே தலைக்கவசம், பாதுகாப்புக் கயிறு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றின் ஈரப்பதம் கூடினால் வியர்வை உலராது, உடல் சூடும் தணியாது. மேல்தளத்தில் கம்பி கட்டுபவருக்கும் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாளுக்கும் செய்கிற வேலையே உடம்புக்குள் சூட்டை ஏற்றுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் வெறும் வெப்பநிலையை நம்பாமல் ஈரப்பதம், காற்று, வெயிலின் தாக்கம் எல்லாம் சேர்ந்த ஈரக்குமிழ் கோள வெப்ப அளவைப் பார்க்கிறார்கள். கத்தார் 2021இல் அந்த அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்தது. கோடை மாதங்களில் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்கே அங்கே தடை.

இங்கும் அப்படி ஒரு வரம்பு வைத்தால் வேலை தாமதமாகும் என்பார்கள் ஒப்பந்ததாரர்கள். சூடேறிய உடம்பின் வேகம் எப்படியும் குறையத்தான் செய்கிறது. விடியற்காலையில் தொடங்கினால் நிறுத்திய நேரத்தை ஈடுகட்டலாம். கூலி போய்விடுமே என்ற தொழிலாளியின் கவலை இதைவிட நியாயமானது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதிக்காக வசூலாகிறதே, அது வேறு எதற்கு? 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, இழந்த கூலிக்கு ஈடும் வேலையை நிறுத்துவதற்கான வெப்ப வரம்பும் வரும் கோடைக்குள் ஆணையாக வரச் செய்ய வேண்டும்.