பாக்கிக்குப் பணத்தைக் கேள், குழாயை வெட்டாதே!

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நகரத்து ஏழை எளிய மக்களுக்கு ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது. வெயிலைக் கண்ட பயமல்ல. வரி வசூல் கோஷ்டியைக் கண்ட பயம்! 31ஆம் தேதியோடு கணக்காண்டு முடிகிறது. அதற்குள் வசூல் காட்டியாக வேண்டும். முதலில் நோட்டீஸ் வருகிறது. பிறகு எச்சரிக்கை வருகிறது. கடைசியில் குழாயை வெட்ட ஆள் வருகிறது. சொத்து வரி பாக்கியா? குடிநீர்க் கட்டணம் பாக்கியா? எதுவானாலும் தண்டனை ஒன்றுதான்: தண்ணீர் நிறுத்தம்!

கோவையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல நகரங்களிலும் இதுவே ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா. வெட்ட வருகிறவர்மீது நமக்குக் கோபமில்லை. அவரும் நம்மைப் போலக் கூலிக்காரர்தான். அவருக்கு உத்தரவு போடுகிற முறையைத்தான் நாம் எதிர்க்கிறோம். கடன் வேறு, தண்ணீர் வேறு என்று உரக்கச் சொல்கிறோம்.

பாக்கிக்காரன் யார்?

வரி கட்டாதவன் என்றால் ஏமாற்றுக்காரன் என்று நிர்வாகம் பேசுகிறது. உண்மை என்ன? என்.டி.சி. ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் மாத ஊரடங்கோடு கோவையில் இந்தப் பொதுத்துறைப் பஞ்சாலைகள் நின்றன. ஊரடங்கு போயிற்று, ஆலைச் சங்கு மட்டும் ஊதவில்லை. ஆண்டுக்கணக்கில் அரைகுறைச் சம்பளத்துக்கும் தொழிலாளி தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் வரி பாக்கி வைத்தால், அது யார் செய்த குற்றம்? சம்பள பாக்கி வைத்த மத்திய சர்க்காரின் குழாயை யாராவது வெட்டினார்களா?

வருமானம் இப்படிச் சுருங்கிய காலத்திலேதான் வரி ஏறியது. 2022 ஏப்ரலில் மாநில அரசு சொத்து வரியை உயர்த்தியது. கோவை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட சின்ன வீட்டுக்கே 25 சதவீதம். 1,200 சதுர அடி வரை 50 சதவீதம். அதன் பிறகு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற்றும் ஏற்பாடும் சேர்ந்தது. கூலி அப்படி ஆண்டுக்கு ஆண்டு தானாக ஏறுகிறதா?

இன்னொரு அநியாயத்தையும் பாருங்கள். ஆலைத் தொழிலாளிகளில் எத்தனையோ பேர் லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். வரிச் சீட்டு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அவர் கட்டாவிட்டால் தண்ணீர் நிற்பது யாருக்கு? மாதா மாதம் வாடகையைத் தவறாமல் எண்ணிக் கொடுத்த குடித்தனக்காரருக்கு! வீட்டுக்காரர் வேறொரு வீதியில் நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருப்பார். ஒருவர் கடனுக்கு இன்னொருவரின் குழந்தைக்குத் தாகத் தண்டனை. இதற்குப் பெயர் சட்டமா?

குழாய் நின்றால் வீட்டுப் பெண்தான் குடம் தூக்குகிறாள். பக்கத்து வீதியில் கெஞ்ச வேண்டும். லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்க வேண்டும். ஒரு வேளை வேலையை இழக்க வேண்டும். பாக்கியைக் கட்ட வேண்டிய கூலியே தண்ணீர் வாங்குவதில் கரைந்துபோகிறது. கடன் வசூலாகாமல் போவதற்கு இதைவிட நல்ல வழி உண்டா?

“வரி இல்லாமல் நகரம் நடக்குமா?”

கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்லுகிறோம். நடக்காது. துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் வேண்டும். மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். வரி கட்ட முடிந்தவன் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டாத பெரிய மனிதர்களிடம் வசூலிக்க நோட்டீஸ் இருக்கிறது, வட்டி இருக்கிறது, ஜப்தி இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. இத்தனை ஆயுதம் இருக்கும்போது தாகத்தையும் ஏன் ஓர் ஆயுதமாக எடுக்க வேண்டும்? காரணம் ஒன்றுதான். பெரிய கட்டடக்காரனுக்குச் சொந்த ஆழ்குழாய்க் கிணறு உண்டு. லாரியைக் கூப்பிடப் பணம் உண்டு. குழாயை வெட்டினால் அவன் அசைய மாட்டான். அசைவது ஏழை மட்டுமே. ஆகவே இது ஏழைக்கென்றே செய்த ஆயுதம்!

சுத்தமான தண்ணீர் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று சுப்ரீம் கோர்ட் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் சொன்னது. அனுமதியில்லாத குடிசை என்பதற்காகத் தண்ணீரை மறுக்கக் கூடாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் ஹைகோர்ட் அந்த மாநகராட்சிக்குச் சொன்னது. 2010 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை தண்ணீரை மனித உரிமை என்று தீர்மானித்தது. இந்தியா அதை ஆதரித்து வாக்களித்தது. நியூயார்க்கில் கை தூக்கிவிட்டு, கோவையில் குழாயை வெட்டுவதா?

வெள்ளைக்காரன் கற்ற பாடம்

மார்கரெட் தாட்சரின் ஆட்சி 1989இல் இங்கிலாந்தின் தண்ணீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்றது. கட்டணம் ஏறியது. 1991–92ஆம் ஆண்டில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் நிறுத்தப்பட்டது. டாக்டர்கள் கண்டித்தார்கள், மக்கள் கொதித்தார்கள். முடிவு? கட்டணப் பாக்கிக்காகக் குடியிருக்கும் வீட்டின் தண்ணீரை வெட்டக் கூடாது என்று 1999இல் சட்டமே போட்டார்கள். தண்ணீரை விற்ற நாடே வெட்டுவதைத் தடை செய்துவிட்டது. வெள்ளைக்காரன் போட்ட பழைய சட்டங்களைப் பத்திரமாகக் கட்டி ஆளும் நமது அதிகாரிகளுக்கு, இந்த ஒரு சட்டம் மட்டும் கண்ணில் படவில்லை போலும்!

அமெரிக்காவிலோ, கார்த் தொழிலாளிகளின் நகரமான டெட்ராய்ட் 2014இல் பல்லாயிரம் வீடுகளில் தண்ணீரை நிறுத்தியது. விளையாட்டரங்குகளும் கோல்ஃப் மைதானங்களும் பாக்கி வைத்திருந்ததைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. வெட்டு விழுந்ததோ வேலையிழந்தவன் வீட்டில். 2020இல் கொரோனா வந்ததும் அதே நகரம் வெட்டிய இணைப்புகளைத் திரும்பக் கொடுக்க ஓடியது. ஏன்? கை கழுவத் தண்ணீரில்லாத வீட்டில் பிறக்கும் நோய், வரி கட்டியவன் வீட்டுக் கதவையும் தட்டும் என்று அன்றுதான் புரிந்தது.

சூயஸ் என்ற பழைய பெயர்

இந்த வெட்டு வெறும் வரி விஷயம் என்று நாம் நினைத்தால் ஏமாந்துபோவோம். 2018இல் கோவை மாநகராட்சி, நகரக் குடிநீர் விநியோகத்தைச் சூயஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் 26 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கக் கையெழுத்திட்டது. தொகை 3,000 கோடி ரூபாய்க்கு மேல். பெயர் நமக்குப் புதிதல்ல. எகிப்தின் கால்வாயை வைத்துக் கொழுத்த பழைய சூயஸ் கால்வாய்க் கம்பெனியின் வாரிசுதான் இது. 1956இல் நாசர் அந்தக் கால்வாயை தேச உடைமையாக்கி, கம்பெனியை வெளியேற்றினார். எகிப்து வெளியேற்றியதன் வாரிசை நாம் வாசல் திறந்து வரவேற்றிருக்கிறோம்!

“கட்டணத்தைக் கம்பெனி நிர்ணயிக்காது, மாநகராட்சிதான் நிர்ணயிக்கும்” என்று சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும். கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பணம் எங்கிருந்து வரும்? மீட்டரிலிருந்தும் வரியிலிருந்தும்தானே? பணம் குறைந்தால் கை எங்கே நீளும்? குழாயின் கழுத்துக்குத்தான்! ஒப்பந்தத்தை எதிர்த்துக் கட்சிகள் பல கொடி பிடித்தன. 2021இல் ஆட்சி மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் தாய்நாட்டுத் தலைநகரமோ வேறு வழியில் போயிற்று. சூயசும் வியோலியாவும் நடத்திய விநியோகத்தை 2010இல் பாரிஸ் நகரசபை தன் கையில் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது.

சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவந்தது எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் அல்ல. நகரசபையும் பொதுப்பணமும், மலையில் பாறை உடைத்த கூலிகளின் கையும்தான் கொண்டுவந்தன. சிறுவாணித் தண்ணீரும் பைக்காரா மின்சாரமும் இல்லாமல் இந்த ஆலை நகரம் ஏது?

கிராமத்துத் தோழர்களே!

இது டவுன்காரர் வழக்கு என்று விவசாயத் தொழிலாளிகள் ஒதுங்கி நிற்க வேண்டாம். 2019இல் ஜல் ஜீவன் திட்டம் வந்தது. தெருக் குழாய் போய் வீட்டுக்கொரு குழாய் வருகிறது, நல்லதுதான். ஆனால் பராமரிப்புச் செலவை ஊர் மக்களே கட்டணமாகக் கட்ட வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தின் விதி. வேலையில்லாத மாதங்களில் காலனி வீட்டுக்காரர் எதைக் கொண்டு கட்டுவார்? நகரத்தில் வெட்டுவது வழக்கமாகிவிட்டால், ஊராட்சிக்கு அது வர எத்தனை நாள் ஆகும்? தெருக் குழாயையும் பிடுங்கிவிட்ட பிறகு, வீட்டுக் குழாயை வெட்டினால் மீண்டும் தோட்டத்துக் கிணற்றடியில் பண்ணையாரின் தயவுக்குக் கை கட்டி நிற்க வேண்டியதுதான். அந்தக் காலம் திரும்ப நாம் அனுமதிக்க முடியாது.

நாம் கோருவது இதுதான்:

குடியிருக்கும் வீட்டின் குடிநீரை எந்தப் பாக்கிக்காகவும் வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். வெட்டிய இணைப்புகளை அபராதமின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரும் பாக்கிதாரர்களின் பட்டியலை வார்டு வாரியாக ஒட்டி, அவர்களிடம் முதலில் வசூல் தொடங்க வேண்டும். வேலையிழந்தோர் பாக்கியைச் சிறு தவணைகளாக வாங்க வேண்டும். 2015இல் டெல்லி மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லாமல் கொடுக்கத் தொடங்கியதைப் போல, இங்கும் குடும்பத்துக்கு அவசியமான அளவை இலவசமாக்க வேண்டும். தெருக் குழாய்களைப் பிடுங்கக் கூடாது. சூயஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்து, விநியோகத்தை மாநகராட்சியே நடத்த வேண்டும்.

இவை மனுப் போட்டால் மட்டும் கிடைத்துவிடாது. ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால் லைன் முழுவதும் வார்டு ஆபீசுக்குப் போகட்டும். ஆலைச் சங்கமும் மாதர் சங்கமும் முன்னே நிற்கட்டும். விவசாயத் தொழிலாளர் சங்கம் ஊராட்சி தோறும் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரட்டும். தனியே நிற்கும் குடித்தனக்காரரை வெட்டுவது சுலபம். ஒன்றுபட்டு நிற்கும் ஊரை வெட்ட எந்தக் கமிஷனராலும் முடியாது!