இருபகுதி விசைப்பலகையும் தமிழ் எழுத்துகளும்

நாள்தோறும் நெடுநேரம் தட்டச்சு செய்வோரிடையே இருபகுதி விசைப்பலகை இப்போது பரவி வருகின்றது. வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனியே அமைந்த இரு பகுதிகளையும் தோள் அகலத்திற்கு விலக்கி வைக்கலாம். ஆதலின் மணிக்கட்டை வெளிப்புறம் வளைக்க வேண்டுவதில்லை. இயந்திர வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்சும் சுருள்வில்லும் உண்டு.

இதனைப் புதிதாக வாங்க விரும்புவோர்க்கு, விசைகள் குறையக் குறைய விரல்களின் அலைச்சலும் குறையும் என்று பலர் அறிவுரை கூறுவர். 26 எழுத்துகளையுடைய ஆங்கிலத்திற்கு அது பொருந்தலாம். தமிழுக்கு அதனை ஆராயாது ஏற்றல் தகாது என்பது எமது கருத்து.

சென்னையில் 1999ஆம் ஆண்டு கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக எழுந்த தமிழ் 99 முறையை நோக்குவோம். இதில் உயிர் 12, மெய் வரிசை 18, புள்ளி 1 ஆக 31 விசைகள் வேண்டும். உயிரெழுத்துகளும் புள்ளியும் இடக்கையில் உள்ளன. வ, ங நீங்கலாக மெய் வரிசை முழுவதும் வலக்கையில் உள்ளது. இருபகுதிப் பலகைக்கு இயல்பாகவே இசைந்த பங்கீடு இது.

ஆயினும் 36 விசைப் பலகையில், கட்டைவிரல் விசைகள் நீங்கலாக, ஒரு கைக்கு 15 விசைகளே உண்டு. இடக்கை எழுத்துகள் அவற்றுள் சரியாக அடங்கும். வலக்கையிலோ ச, ஞ, ய மூன்றும் இடமின்றி நிற்கும். 42 விசைப் பலகையில் ச, ய இடம்பெறினும் ஞ வெளியே நிற்கும். இடமில்லாத எழுத்தை அடிக்க மற்றொரு விசையையும் உடன் அழுத்த வேண்டும். ஞ அருகி வருவது, பொறுக்கலாம். ச, ய ஆகியவையோ ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் வருவன. இத்தொல்லையால் சலிப்புற்றவர் பலகையைக் கைவிடுவர். அன்றேல் தமிழை ஆங்கில எழுத்தால் அடிக்கத் தலைப்படுவர். பொருளும் முயற்சியும் வீணாகும்.

ஆகவே, எண் வரிசையுடன் கூடிய 58 விசை வகையே புதியவர்க்கு ஏற்றது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை உடையவரே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டா என்றும் கேட்டறிதல் வேண்டும். கொல்கத்தாவின் நியூ டவுன் போன்று தமிழ் வழங்காத ஊர்களில் பணிபுரிவோர், தமிழ் எழுத்துப் பொறித்த பலகையைத் தேடி அலைய வேண்டுவதில்லை; எழுத்தைத் தீர்மானிப்பது கணினியேயன்றி விசையின் மேற்பொறிப்பு அன்று.

வாங்குமுன் பலகையின் படத்தை உண்மையான அளவில் தாளில் வரைந்து, 31 எழுத்துகளையும் குறித்து, விரல்களை வைத்துப் பார்க்க. ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கும் செய்து காட்டலாம். இன்ஸ்கிரிப்ட் முறையில் பழகியோரும் தம் எழுத்துகளை இவ்வாறே எண்ணிப் பார்ப்பாராக.