வேடியப்பனுக்கு யார் காவல்?

கல்வெட்டு ஆய்வாளர்கள் நாலு பேர் கூடினால், ஊர்க்காரர்கள் நடுகல்லுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பற்றிப் புலம்பாமல் கலைவதில்லை. புலம்பலில் நியாயம் உண்டு. செங்கம், தண்டராம்பட்டு வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் பல இன்று வேடியப்பன் சாமி. வருடக்கணக்கில் ஏறிய எண்ணெயும் மஞ்சளும் எழுத்தின் பள்ளத்தை அடைக்கின்றன. பக்தி மிகுந்த இடத்தில் எனாமல் பெயின்டும் ஏறுகிறது. சிமென்ட் மேடை கட்டினால் கீழ்வரி புதைந்தே போகிறது.

ஆனால் அந்தக் கற்கள் இத்தனை நூற்றாண்டு நிலைத்ததே சாமி ஆனதால்தான். எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்வோம். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல் அது. கள்வரைக் கடித்த அவன் நாய் கோவிவனுக்கும் அதில் பெயரோடு இடம் உண்டு. இதைப் போன்ற கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியின் பதிப்பில் 'செங்கம் நடுகற்கள்' என்று தொகுத்து வெளியிடும்வரை, அவற்றைக் காத்தது எந்தத் துறையும் அல்ல, ஊர்.

சட்டத்தை மட்டும் நம்பிய காவல் என்ன ஆகும் என்பதை இதே திருவண்ணாமலை மாவட்டம் பார்த்திருக்கிறது. 2002இல் அண்ணாமலையார் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக்க இந்தியத் தொல்லியல் துறை முனைந்தது. நினைவுச்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பக்கம் இருந்தது, ஊர் இல்லை. போராட்டம், வழக்கு என்று நீண்டு, கடைசியில் துறை விலகிக்கொண்டது. பெருங்கோயிலுக்கே இந்தக் கதி என்றால் வயலோரக் கல்லுக்கு என்ன சொல்ல? மத்தியப் பாதுகாப்புக்குள் வந்தால் சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை. அதை அறிந்த எந்த விவசாயி தன் நிலத்தில் எழுத்துள்ள கல் கிடக்கிறது என்று நம்மிடம் சொல்ல வருவார்?

தடை போடாமல் காப்பதற்கும் திருவண்ணாமலையிலேயே ஒரு வழி தெரிகிறது. ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து, ரமணர் 1922 வரை வாழ்ந்த ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையில் கல் பாவியிருக்கிறது. ஏறுகிறவர்களின் கால் பெரும்பாலும் அந்தத் தடத்திலேயே போகிறது. ஆளைத் தடுக்காமல் ஆளின் வழியை ஒழுங்கு செய்வது என்பது இதுதான். நடுகல்லுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி விளக்குக்கும் அபிஷேகத்துக்கும் தனிக்கல் ஒன்று நட்டால் பூசையும் நடக்கும், எழுத்தும் பிழைக்கும். பூசாரியிடம் உட்கார்ந்து பேசினால் ஆகிற காரியம். வேலிக்கு ஆகும் செலவு கூட ஆகாது. கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவது கடைசி வழியாக மட்டும் இருக்கட்டும். இடம் பெயர்ந்த நடுகல்லில் வாசகம் மிஞ்சும், எந்த மந்தைவெளி, எந்த எல்லை என்பது போய்விடும்.

கட்டுரை அனுப்பும் நண்பர்களுக்கு: புதையல் தேடிகளும் நம் இதழைப் படிக்கக்கூடும். எனவே ஜிபிஎஸ் புள்ளியைக் கட்டுரைக்குள் சேர்க்காமல் தனித்தாளில் அனுப்புங்கள். மைப்படி எடுக்குமுன் ஊராரிடம் ஒப்புதல் பெறுங்கள். கல்லில் இருக்கும் செய்தியை அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படித்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகு எங்களுக்கு எழுதுங்கள்.