வேக மீறலுக்குக் கார் துணைபோகலாமா?

கச்சிபௌலியை ஒட்டிச் செல்லும் நேரு வெளிவட்டச் சாலையில் கார்கள் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை செல்லலாம். அருகிலுள்ள பயோடைவர்சிட்டி மேம்பாலத்திலோ 2019இல் வரம்பு 40தான். அந்த நவம்பரில், பாலம் திறந்து மூன்று வாரம் ஆகுமுன், 100ஐக் கடந்து பாய்ந்த கார் கீழே விழுந்தது. கீழே சாலையோரம் நின்றிருந்த பெண் உயிரிழந்தார்.

நம் நாட்டில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்கள், 80ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். அப்பாலத்தில் 80 என்பதே இருமடங்கு வேகம்! சாலைக்குச் சாலை வரம்பு மாறும்போது, ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது போதாது.

முன்செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே சீராக்கும் வசதி இப்போது பரவி வருகிறது. அதற்குச் சாலையின் வரம்பே எல்லையாக வேண்டும். முந்திச் செல்கையில் இது இடையூறாகும் என்பர் சிலர். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதை யாரும் தடுக்கவில்லை. மீறலை இயந்திரம் தன் பொறுப்பில் நடத்தக் கூடாது என்பதே கோரிக்கை. மோதலைத் தவிர்க்கும் தானியங்கி பிரேக்குக்கு இவ்வரம்பு வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல், சாலையின் வேக வரம்பை ஓட்டுநருக்கு உணர்த்தும் அமைப்பைப் புதிய கார்களில் கட்டாயமாக்கியுள்ளது. நாமும் கார்க் கடனுக்கு விண்ணப்பிக்குமுன், மைலேஜோடு இதையும் விசாரிப்போம்: இந்தக் கார் சாலையின் வரம்பை அறியுமா?