புகைபோக்கி இல்லாத வீட்டில் விறகுத் தீ

தேக்காவில் பூசைப் பொருள் விற்கும் கடைகளில் சமித்துக் கட்டு, கற்பூரம், நெய், செப்பு ஹோம குண்டம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். புதிதாக வீட்டுச் சாவி வாங்கிய தம்பதியர், ஐயர் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது அங்கு அன்றாடக் காட்சி. பட்டியலில் நவதானியம் இருக்கும், செங்கல்லும் மணலும்கூட இருக்கும். புகை எந்த வழியாக வெளியே போகும் என்பதை மட்டும் யாரும் எழுதித் தருவதில்லை.

கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால், வீவக வீட்டுக்குள் விறகையோ கரியையோ எரிக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. புதுமனை புகுவிழா ஹோமம் ஒன்று. பொங்கலன்று வாசலில் மண்பானை வைக்க வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கும் குழந்தைக்கும் தலை குளித்ததும் போடும் சாம்பிராணி மூன்றாவது. இந்த மூன்றாவதில் தீ மிகச் சிறியது என்பதால் அதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. ஆபத்து அதில்தான் கூடுதல் என்று சொல்ல இடமிருக்கிறது.

லண்டனில் உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் வரவேற்பறையில் கணப்படுப்பைப் பார்த்திருப்பார்கள். பழைய கணப்படுப்புக்குள் இரும்பாலான விறகு அடுப்பைப் பொருத்துவது அங்கு இப்போது பலருக்கு விருப்பம். அதற்கு இங்கிலாந்தில் எவ்வளவு ஏற்பாடு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அடுப்பு எரியாத கல் மேடையில்தான் நிற்க வேண்டும். மரச்சாமான், திரைச்சீலை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு. பழைய புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்குவார்கள். 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்பு என்றால் வெளிக்காற்று எப்போதும் உள்ளே வரச் சுவரில் ஒரு திறப்பு வேண்டும். வேலையைப் பதிவுபெற்ற நிபுணர் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளூர் மன்றத்திடம் தெரிவித்துச் சோதனைக்கு உட்பட வேண்டும். புதிய விறகு அடுப்பு பொருத்தும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி 2010 முதல் கட்டாயம். விறகின் ஈரப்பதத்துக்கும் வரம்பு உண்டு. 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள விறகைச் சிறு கட்டுகளாக விற்பதற்கு 2021 மே மாதம் தடை வந்தது. ஈர விறகு கூடுதலாகப் புகையும், அந்தப் புகை குழாயின் உட்புறத்தில் தார்போலப் படிந்து ஒருநாள் தீப்பிடிக்கவும் கூடும்.

இவ்வளவும் ஒரே ஒரு தீயை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள. அங்கே குளிர், அதனால் அந்தச் செலவு. இங்கே வெப்பம், அதனால் கணப்படுப்பும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. வீவக வீட்டுச் சமையலறை எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் ஏற்றபடி கட்டப்பட்டது. அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கும் புகை உறிஞ்சி போதாதா என்று கேட்கலாம். பல வீடுகளில் உள்ளவை காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகை. எண்ணெய்ப் பிசுக்கு வடிகட்டியில் நிற்கும், கார்பன் மோனாக்சைடு நிற்காது.

புகைபோக்கி உள்ள வீடு, இல்லாத வீடு என்ற வேறுபாடு தோட்டத்துத் தமிழருக்குப் புதிதல்ல. கேமரன் மலையிலும் நுவரெலியாவிலும் துரைமார் வாழ்ந்த பங்களாக்களில் கல்லால் கட்டிய கணப்படுப்பும் கூரைக்கு மேல் எழும் புகைபோக்கியும் இருந்தன. அதே மலையில், அதே காட்டு விறகை எரித்த லயத்து வீடுகளில் புகை தகரக் கூரையின் இடுக்கு வழியாகத்தான் போனது. சுவர் கறுத்தது, சமைத்த பெண்களின் நெஞ்சும் பழுதானது. விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றால் சமைக்கும் வீடுகளின் புகைக்கு 2020ஆம் ஆண்டில் மட்டும் 3.2 மில்லியன் பேர் பலியானதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இருந்தாலும் லயத்தில் இடுக்காவது இருந்தது. சன்னலை இழுத்து மூடிக் குளிரூட்டியைப் போட்ட சிங்கப்பூர்ப் படுக்கையறையில் அதுவும் இல்லை.

சாம்பிராணிப் பேச்சு இங்கேதான் வருகிறது. தழல்விட்டு எரியும் தீயைவிட, தழல் அடங்கிக் கனியும் தணல் கூடுதலாகக் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் உயிர்வளி உட்கார வேண்டிய இடத்தை அது உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், வாந்தி. அசதி என்று படுத்துக்கொள்வார்கள். பச்சைக் குழந்தையால் தலைவலி என்று சொல்லக்கூட முடியாது. குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் வாயு அவர்களைச் சீக்கிரம் தாக்கும். சுவரில் மாட்டும் சாதாரணக் குளிரூட்டி அறையில் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர வைக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. சாம்பிராணிக் கரண்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்துவது பாட்டி காலத்து ஓட்டு வீட்டில் பரவாயில்லை. இங்கே கூடாது.

ஹோமத்திலும் இதே கதை. மந்திரம் ஓதும்போது வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், கதவு திறந்திருக்கும், தீயை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிக்கல் சாப்பாடு முடிந்து உறவினர் கிளம்பிய பிறகு. குண்டத்தைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது, தானே அடங்கட்டும் என்பார்கள் பெரியவர்கள். குண்டம் நடுக்கூடத்தில் கனிந்துகொண்டிருக்க, முதல் இரவு புது வீட்டில் தங்க வேண்டும் என்ற வழக்கப்படி குடும்பம் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கும்.

2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் புதிய வீடுகள் எல்லாவற்றிலும் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீடுகளில், தீப் பாதுகாப்புப் பணிகள் அடங்கிய மாற்றக் கட்டுமானம் செய்தால் பொருத்த வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்தக் கருவி உணர்வது புகையை, கார்பன் மோனாக்சைடை அன்று. புகையே இல்லாமல் கனியும் தணலைப் பற்றி அது வாய் திறக்காது. ஹோமப் புகைக்கு அலறும் என்பதற்காக அதன்மேல் துணியைச் சுற்றிவிட்டு எடுக்க மறந்தால் இருந்த ஒரு காவலும் போய்விடும். அது அலறினாலும் சத்தம் வீட்டுக்குள்தான். 995ஐ ஒருவர் அழைத்தால்தான் குடிமைத் தற்காப்புப் படை வரும்.

சிங்கப்பூர் தீயைக் கண்டு இவ்வளவு கூச்சப்படுவதற்கு வரலாறும் உண்டு. 1961 மே 25ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட தீ ஏறக்குறைய 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. நால்வர் மாண்டனர். வீவக அப்போது பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அத்தாப்புக் குடிசைகள் இருந்த இடத்தில் பிறகு அடுக்குமாடிகள் எழுந்தன. இன்று தீ கூரைக்குக் கூரை தாவுவதில்லை. ஆனாலும், 2023ல் பதிவான 1,954 தீச்சம்பவங்களில் 970 வீடுகளில் நேர்ந்தவை. அடுப்பை எரியவிட்டு அப்பால் போவதுதான் வீட்டுத் தீக்கு முதன்மைக் காரணமாகத் திரும்பத் திரும்ப வருகிறது.

சடங்கையே விட்டுவிடு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பலர் பால் காய்ச்சுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு வீட்டு அடுப்பே போதும். ஹோமம் வேண்டும் என்பவர்கள் லண்டன் விதிகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். குண்டத்துக்கு அடியில் இரண்டடுக்குச் செங்கல், அதன்மேல் மணல், சுற்றிலும் எரியாத தரை. புதிய வீடுகளின் படுக்கையறைகளில் வினைல் தரை போட்டிருக்கலாம், அங்கே தீ வளர்க்கவே கூடாது. குண்டம் சிறியதாக இருக்கட்டும். சமித்து நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு பக்கச் சன்னல்களும் திறந்திருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் அந்த ஒரு மணி நேரம் வேறெங்காவது இருக்கட்டும்.

பொங்கல் பானையைப் பொது நடைபாதையில் வைப்பது பற்றி இரண்டு வார்த்தை. அது அண்டை வீட்டாரும் தப்பி ஓட வேண்டிய வழி, குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். விறகுத் தீ மூட்டும் இடமல்ல அது. சீன அன்பர்கள் ஏழாம் மாதத்தில் தாள் எரிப்பதற்குப் புளோக்கின் கீழே நகர மன்றங்கள் தொட்டி வைத்துத் தருகின்றன. ஒரு சமூகத்தின் தீக்குத் தரையில் இடம் ஒதுக்க முடிந்திருக்கிறது. பொங்கலன்று காலை இரண்டு மணி நேரத்துக்கு அதுபோல ஓர் இடம் கிடைக்குமா என்று குடியிருப்பாளர் குழுக்கள் கேட்டுப் பார்க்கலாம். மாடியில் ஒளிந்து மூட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலை அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றார்கள். அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் காளவாய்களில் வேலை செய்தவர்கள் நம்மவர்கள். தீயை எங்கே வைப்பது, எப்போது கிட்டே போவது என்பது அவர்களுக்குத் தொழிலாகவே தெரிந்திருந்தது.

கடைசியாகச் சாம்பல். மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அப்படியே குப்பைக் குழாயில் கொட்டினால் கீழே உள்ள குப்பை பற்றிக்கொள்ளும், புகை எல்லா மாடிக்கும் ஏறும். சடங்கு முடிந்ததும் ஐயரிடம் கேட்டுக்கொண்டு பாலோ தண்ணீரோ தெளித்து முழுக்க அணைத்துவிடலாம். கிளறிப் பார்த்து, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் போட்டு, மறுநாள் கையால் தொட்டுச் சூடில்லை என்று தெரிந்த பிறகு துளசித் தொட்டிக்குப் போடலாம். அன்றிரவு முழுவதும் கூடத்துச் சன்னல் திறந்தே இருக்கட்டும்.